கொலுப் பார்க்குக்கு ஒளியும் ஒலியும்: ஒரு 555 ஐசி போதும்

காலாண்டு விடுமுறை விட்டதும் எங்கள் தெருவில் கொலுப் பார்க் வேலை சூடுபிடித்துவிடும். பொம்மைகளைப் படியில் அடுக்குவது பெரியவர்கள் பாடு. படிக்குக் கீழே மணல் பரப்பி, கடுகும் கேழ்வரகும் தூவி முளைக்க வைத்து, ரயில்வே கேட், காடு, தேரோடும் வீதி என்று ஊரையே உருவாக்குவது பிள்ளைகள் பாடு. அது ஆனதும், "அத்தை, இதுல லைட்டு எரியணும், சத்தம் வரணும்" என்று என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். பாலிடெக்னிக் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள் தெருவில் ஒருத்தி இருந்தால் அவளை யார் சும்மா விடுவார்கள்?

அவர்களுக்கு நான் முதலில் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். விளக்குக்கு ஒரு சர்க்யூட், சத்தத்துக்கு வேறு சர்க்யூட் என்று தனித்தனியாகப் படிக்கத் தேவையில்லை. நொடிக்கு ஒரு தடவை மின்சாரம் வந்து வந்து போனால் அது கண்சிமிட்டும் விளக்கு. அதே சர்க்யூட்டில் நொடிக்கு ஆயிரம் தடவை வந்து போனால் அது விசில். இரண்டுக்கும் நடுவே மாற்றவேண்டியது ஒரே ஒரு கெபாசிட்டர், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் பாகம். இது பிடிபட்டுவிட்டால் கீழே வரும் எல்லாமே தானாகப் புரியும்.

அந்த ஒரு சர்க்யூட்டின் உயிர் 555 என்கிற எட்டுக்கால் ஐசி (ஒரு முழு சர்க்யூட்டையே உள்ளே அடக்கிய சின்னச் சில்லு). 1971-ல் அமெரிக்காவின் சிக்னெட்டிக்ஸ் கம்பெனிக்காக ஹான்ஸ் காமென்சிண்ட் வடிவமைத்தார். 1972-ல் விற்பனைக்கு வந்தது. ஐம்பது வருஷம் தாண்டியும் கடையில் கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கிறார்கள். விலையும் ஒரு டீ விலைதான். ஆர்டுயினோவிலேயே (கம்ப்யூட்டரில் ப்ரோகிராம் எழுதி ஏற்றும் சின்ன போர்டு) இதையெல்லாம் செய்துவிடலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம், அதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் வேகத்தை மாற்ற கம்ப்யூட்டரைத் திறந்து எண்ணைத் திருத்துவது வேறு, பாகத்தைக் கையால் பிடுங்கி வேறொன்றைச் செருகி அந்த நொடியே வித்தியாசத்தைக் கேட்பது வேறு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டாவதுதான் மனதில் நிற்கிறது.

வாங்கவேண்டியவை

சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. மற்ற ஊர்களில், டிவி மெக்கானிக்குகள் சாமான் வாங்கும் கடை எதுவென்று விசாரித்துக்கொண்டு போங்கள். 555 ஐசி மூன்று வாங்குங்கள். ஒன்று போனாலும் வேலை நிற்காது. ஒரு பிரெட்போர்டு (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகும் ஓட்டைப் பலகை), ஒரு கட்டு ஜம்பர் வயர். ரெசிஸ்டர்களைப் பெரும்பாலும் பத்துப் பத்தாகத்தான் கொடுப்பார்கள், எல்லாம் கால் வாட் போதும்: 47 ஓம், 220 ஓம், 1 கே, 10 கே, 18 கே, 27 கே, 68 கே (கே என்றால் ஆயிரம் ஓம்). கெபாசிட்டரில் (பழைய மெக்கானிக்குகள் கண்டன்சர் என்பார்கள்) 1, 2.2, 10, 100 மைக்ரோ ஃபாரட் எலெக்ட்ரோலிட்டிக் வகையில். அப்புறம் 103, 104 என்று எண் போட்ட சின்னது. 103 என்றால் 10 நானோ ஃபாரட், 104 என்றால் 100 நானோ. 104-ல் மட்டும் வட்டத் தட்டு மாதிரி இருக்கும் செராமிக்கோடு, மைலார் வகையிலும் இரண்டு வாங்கி வையுங்கள். ஏன் என்று ஸ்வரம் வரும் இடத்தில் சொல்கிறேன். சிவப்பு, மஞ்சள் எல்இடி பத்துப் பத்து. 8 ஓம் சின்ன ஸ்பீக்கர் ஒன்று. ஒரு எல்டிஆர் (வெளிச்சத்துக்கு ஏற்ப மதிப்பு மாறும் ரெசிஸ்டர்). சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது.

பஸ்ஸர் வாங்கும்போது மட்டும் கவனம். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அதில் இரண்டு ஜாதி. ஒன்று பேட்டரி கொடுத்ததும் தானாகவே கத்தும்; மேலே பிளஸ் குறியும், பெரும்பாலும் ஒரு வெள்ளை ஸ்டிக்கரும் இருக்கும். இன்னொன்று வெறும் பீசோ தட்டு. பேட்டரியில் வைத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதை ஆட்டிவைக்க நம் சர்க்யூட் வேண்டும். கடையிலேயே பேட்டரியில் தொட்டுக் காட்டச் சொல்லி, எது எது என்று தெரிந்துகொண்டு இரண்டிலும் ஒன்று வாங்குங்கள்.

கரண்டுக்கு, கற்றுக்கொள்ளும் கட்டத்தில் நாலு பென்சில் செல் போடும் ஹோல்டர். 6 வோல்ட் கிடைக்கும். தவறாக இணைத்தால் ஐசி சூடாகும், அதோடு போகும். கொலுவில் ஒன்பது நாளும் மாலை முழுக்க ஓடவேண்டும் என்றால் செல் கட்டுப்படியாகாது. நல்ல கம்பெனியின் பழைய 5 வோல்ட் போன் சார்ஜரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தட்டை வாய் யுஎஸ்பி உள்ள சார்ஜராக இருக்கட்டும். இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளை வெறுமனே வெட்டி இணைத்தால் அது வோல்ட்டே கொடுக்காது. கேபிளை நறுக்கினால் உள்ளே சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். பச்சையும் வெள்ளையும் நமக்கு வேண்டாம், தனித்தனியாக டேப் சுற்றிவிடுங்கள். நிறத்தை நம்பாமல் மீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுவது என் பழக்கம்.

230 வோல்ட் சீரியல் செட்டைப் பிரித்து இதோடு சேர்க்கிற யோசனை யாருக்காவது வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். பட்டுத்துணி, காகிதப் பூ, ஈர மணல், சின்னப் பிள்ளைகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் சமாச்சாரம் கொலு.

முதல் சர்க்யூட்

பிரெட்போர்டின் நடுவில் ஒரு பள்ளம் ஓடும். ஐசியை அந்தப் பள்ளத்தின் மேல், இந்தப்பக்கம் நாலு கால் அந்தப்பக்கம் நாலு கால் இருக்கும்படி செருகுங்கள். ஐசியின் ஒரு முனையில் அரைவட்ட வெட்டோ ஒரு புள்ளியோ இருக்கும். அந்த முனை மேலே பார்க்க வைத்தால் இடது மேல் மூலை 1-ம் கால். இடப்பக்கம் கீழே இறங்கி 4 வரை, பிறகு வலப்பக்கம் கீழிருந்து மேலே ஏறி 8 வரை. போர்டின் ஓரத்தில் நீளவாக்கில் ஓடும் இரண்டு வரிசைகளில் ஒன்றை பிளஸ், இன்னொன்றை மைனஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில போர்டுகளில் அந்த வரிசை பாதியில் அறுந்திருக்கும். மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து இரு முனையையும் தொட்டால் தெரிந்துவிடும்.

இப்போது இணைப்பு. 1-ம் கால் மைனஸுக்கு. 8-ம் காலும் 4-ம் காலும் பிளஸுக்கு. 8-க்கும் 7-க்கும் நடுவே 1 கே (பழுப்பு, கறுப்பு, சிவப்பு). 7-க்கும் 6-க்கும் நடுவே 68 கே (நீலம், சாம்பல், ஆரஞ்சு). 6-ஐயும் 2-ஐயும் ஒரு வயரால் சேருங்கள். இந்த வயர் ஐசியின் மேலாகத் தாண்டிப் போகும், பிள்ளைகள் பாதிப்பேர் மறப்பது இதைத்தான். 2-ம் காலிலிருந்து மைனஸுக்கு 10 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர். அதன் உடம்பில் பட்டையாக மைனஸ் கோடு போட்டிருக்கும் கால் மைனஸுக்குப் போகவேண்டும். 5-ம் காலிலிருந்து மைனஸுக்கு ஒரு 103. கடைசியாக 3-ம் காலிலிருந்து 220 ஓம் (சிவப்பு, சிவப்பு, பழுப்பு), அதன் மறுமுனையில் எல்இடியின் நீளக் கால், குட்டைக் கால் மைனஸுக்கு. பிளஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே 100 மைக்ரோ ஃபாரட் ஒன்றையும் ஐசியை ஒட்டியே செருகிவிடுங்கள். 555 ஒவ்வொரு தடவை நிலை மாறும்போதும் சப்ளையை ஒரு வெட்டு வெட்டி இழுக்கும். பக்கத்தில் இன்னொரு ஐசி இருந்தால் அது குழம்பிவிடும். இந்தக் கெபாசிட்டர் அதைத் தாங்கிக்கொள்ளும்.

பேட்டரியை இணைப்பதற்கு முன் பிளஸ் வரிசையும் மைனஸ் வரிசையும் ஒட்டவில்லையே என்று மீட்டரில் பாருங்கள். சரி, இணையுங்கள். எல்இடி அரை நொடி எரிந்து அரை நொடி அணையவேண்டும்.

உள்ளே நடப்பது இதுதான். 1 கே, 68 கே வழியாகக் கெபாசிட்டரில் மின்னேற்றம் மெல்ல ஏறுகிறது. சப்ளையில் மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் 6-ம் கால் அதைப் பார்த்து, 3-ம் காலை அணைத்து, 7-ம் காலை மைனஸோடு சேர்த்துவிடுகிறது. ஏறியது 68 கே வழியாக வடிகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் 2-ம் கால் பார்த்து, 3-ம் காலை எரியவிட்டு, 7-ம் காலை விடுவிக்கிறது. மறுபடி ஏற்றம். கெபாசிட்டர் பெரிதானால் நிறைய நேரம் பிடிக்கும், ரெசிஸ்டர் பெரிதானாலும் அப்படியே. கணக்கும் இதைத்தான் சொல்கிறது: முதல் ரெசிஸ்டரோடு இரண்டாவதின் இருமடங்கைக் கூட்டி, கெபாசிட்டரால் பெருக்கி, 1.44-ஐ அதால் வகுத்தால் நொடிக்கு எத்தனை தடவை என்று வரும். நம் சர்க்யூட்டில் 1,37,000 ஓம், 10 மைக்ரோ ஃபாரட். பெருக்கினால் 1.37. 1.44-ஐ அதால் வகுத்தால் நொடிக்கு 1.05 தடவை.

இப்போது ஸ்பீக்கரைக் கொண்டுவாருங்கள். எல்இடியை எடுக்கவேண்டாம். அதே 3-ம் காலிலிருந்து 47 ஓம், அதன் மறுமுனையில் இன்னொரு 100 மைக்ரோ ஃபாரட்டின் பிளஸ் கால், அதன் மைனஸ் காலிலிருந்து ஸ்பீக்கர், ஸ்பீக்கரின் மறுமுனை மைனஸுக்கு. 47 ஓம் இல்லாமல் 8 ஓம் ஸ்பீக்கரை நேராகக் கொடுத்தால் ஐசியின் 200 மில்லி ஆம்பியர் எல்லை தாண்டிவிடும். எல்இடி எரியும்போது ஒரு 'டொக்', அணையும்போது ஒரு 'டொக்' கேட்கும்.

10 மைக்ரோவைப் பிடுங்கிவிட்டு 1 மைக்ரோ வையுங்கள். விளக்கு நொடிக்குப் பத்துத் தடவை படபடக்கும், ஸ்பீக்கர் 'டர்ர்ர்' என்று அடிக்கும். கண்ணும் காதும் ஒரே விஷயத்தை எண்ணப் பார்த்து இரண்டும் தோற்கும் இடம் இது. அடுத்து 104. இப்போது 105 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 105 தடவை. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே நின்றால் 100 ஹெர்ட்ஸில் ஓர் உறுமல் கேட்குமே, ஏறக்குறைய அந்தச் சுருதி. எல்இடியோ அணைவதே இல்லை என்று தோன்றும், கொஞ்சம் மங்கலாக, சீராக எரிவதாக. அது பொய். அறையின் விளக்கை அணைத்துவிட்டு, எல்இடியை நீள வயரில் இணைத்துக் கையில் பிடித்து வேகமாக வீசிப் பாருங்கள். கோடாகத் தெரியவேண்டிய ஒளி, புள்ளி புள்ளியாக, விட்டு விட்டு ஒரு வரிசையாகக் காற்றில் நிற்கும். ஒவ்வொரு இடைவெளியும் எல்இடி அணைந்திருந்த நேரம். போன வருஷம் எதிர்வீட்டுப் பையன் இதைப் பார்த்துவிட்டு அறையை விட்டு வெளியே வரவே மாட்டேன் என்றான். கடைசியாக 103 வையுங்கள்: 1,050 ஹெர்ட்ஸ், காதைக் குத்தும் கீச்சு. 10 மைக்ரோவிலிருந்து 10 நானோவுக்கு வந்ததில் கெபாசிட்டர் ஆயிரத்தில் ஒரு பங்காயிற்று. வேகம் ஆயிரம் மடங்காயிற்று. மற்ற எந்தப் பாகத்தையும் நாம் தொடவே இல்லை.

ரயில்வே கேட், தேர் வீதி

திரும்ப 10 மைக்ரோவுக்கு வாருங்கள். ரயில்வே கேட்டில் இரண்டு சிவப்பு விளக்கு மாறி மாறி எரியவேண்டும். இரண்டாவது எல்இடியைத் தலைகீழ் வழியில் கொடுத்தால் போதும்: பிளஸிலிருந்து 220 ஓம், அதிலிருந்து எல்இடியின் நீளக் கால், குட்டைக் கால் 3-ம் காலுக்கு. 3-ம் கால் மேலே இருக்கும்போது முதல் விளக்கு, கீழே இருக்கும்போது இரண்டாவது. தானாகக் கத்தும் பஸ்ஸரை 3-ம் காலுக்கும் மைனஸுக்கும் நடுவே வைத்தால் விளக்கோடு சேர்ந்து 'பீப் பீப்'. 5 வோல்ட்டில் வெள்ளை, நீல எல்இடி வைப்பதானால் அதை எப்போதும் இந்த இரண்டாவது வழியிலேயே வையுங்கள். 555-ன் 3-ம் கால் மேலே போகும்போது சப்ளையைவிட ஒன்றரை வோல்ட் குறைவாகத்தான் தரும், வெள்ளைக்கோ 3 வோல்ட் வேண்டும். கீழே இழுக்கும்போது அந்தக் குறை இல்லை.

தேர் வீதியில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் விளக்குக்கு 4017 என்று இன்னொரு ஐசி, பதினாறு கால். 555-ல் 2.2 மைக்ரோ வைத்தால் நொடிக்கு ஏறக்குறைய ஐந்து தடவை. அந்த 3-ம் காலை 4017-ன் 14-ம் காலுக்குக் கொடுங்கள். 16-ம் கால் பிளஸுக்கு. 8, 13, 15 மூன்றும் மைனஸுக்கு. எல்இடிகளின் நீளக் கால்கள் வரிசையாக 3, 2, 4, 7, 10, 1, 5, 6, 9, 11 என்ற கால்களுக்கு. இந்த வரிசை ஏன் இப்படிக் கோணல்மாணலாக இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள், ஐசி செய்தவர்கள் அப்படி வைத்திருக்கிறார்கள். ஒரு அட்டையில் எழுதி முன்னால் ஒட்டிக்கொள்ளுங்கள். குட்டைக் கால்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே ஒரு 220 ஓம் வழியாக மைனஸுக்கு விடலாம். எந்த நேரமும் ஒரு விளக்குதான் எரியும் என்பதால் ஒன்று போதும். ஆறு விளக்கு மட்டும் வேண்டுமென்றால் 15-ஐ மைனஸிலிருந்து கழற்றி 5-ம் காலோடு சேருங்கள், ஆறு முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கும். 5 வோல்ட்டில் 4017 சில மில்லி ஆம்பியர்தான் தரும். ஆகவே சிவப்பும் மஞ்சளும் வையுங்கள். மாலை வெளிச்சத்தில் அழகாகவே தெரியும்.

சத்தம்

எனக்கு இதில் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்வேன்.

முதலில் கை விளையாட்டு. 103 வைத்த சர்க்யூட்டில் 68 கேயை எடுத்துவிட்டு, 7-ம் காலிலிருந்து ஒரு வயர், 6-ம் காலிலிருந்து ஒரு வயர் வெளியே நீட்டுங்கள். கைக்கு ஒரு முனையாகப் பிடியுங்கள். உங்கள் உடம்பு ரெசிஸ்டராகிவிடும். இறுக்கிப் பிடித்தால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும், விரலை ஈரப்படுத்தினால் வீறிடும். இரண்டு பேர் கை கோர்த்து ஆளுக்கொரு முனையைப் பிடித்தால் குரல் கனத்துப்போகும். நாலு பேர் வட்டமாக நின்றால் 'டுர் டுர்' என்று முனகும். இதைச் செல்லில் மட்டும்தான் செய்யவேண்டும். சார்ஜரில் ஓடும் சர்க்யூட்டைக் கையில் பிடித்து விளையாடக் கூடாது.

அதே இடத்தில் எல்டிஆர் வைத்து, கெபாசிட்டரை 104 ஆக்கினால் கையின் நிழலுக்கு ஏற்ப சத்தம் ஏறி இறங்கும். வெளிச்சத்தில் எல்டிஆர் சில ஆயிரம் ஓம், இருட்டில் லட்சக்கணக்கில். குனிந்து பொம்மை பார்க்க வருகிறவர்களின் நிழல் விழுந்ததும் சுருதி சறுக்கும். சின்னப் பிள்ளைகள் இதை விட்டு நகர மாட்டார்கள்.

காட்டுக்குச் சில்வண்டு. இதற்கு இரண்டு 555. முதலாவதில் 1 கே, 68 கே, 1 மைக்ரோ, நொடிக்குப் பத்து. இரண்டாவதில் 1 கே, 18 கே, 103. ஏறக்குறைய 3,900 ஹெர்ட்ஸ். இரண்டாவதின் 4-ம் காலைப் பிளஸிலிருந்து கழற்றி, முதலாவதின் 3-ம் காலோடு இணையுங்கள். 4-ம் கால் மேலே இருந்தால்தான் ஐசி ஓடும், கீழே போனால் வாயை மூடிக்கொள்ளும். ஸ்பீக்கருக்குப் பதில் பீசோ தட்டை வைத்தால் 'கிரீச் கிரீச்' என்று அசல் சில்வண்டு. பீசோவை ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பாவின் அடியில் ஒட்டிப் பாருங்கள், சத்தம் நன்றாகவே கூடும்.

ஆம்புலன்ஸ் வேண்டுமென்றால் 4-ம் காலைப் பழையபடி பிளஸுக்கு மாற்றிவிட்டு, முதலாவதின் 3-ம் காலிலிருந்து 10 கே வழியாக இரண்டாவதின் 5-ம் காலுக்கு இணையுங்கள். 5-ல் இருந்த 103-ஐ எடுத்துவிடுங்கள். முதலாவதில் 10 மைக்ரோ, இரண்டாவதில் 18 கேக்குப் பதில் 68 கே, பீசோ தட்டுக்குப் பதில் பழையபடி 47 ஓமும் 100 மைக்ரோவும் சேர்ந்த ஸ்பீக்கர். நொடிக்கு ஒரு தடவை இரண்டு சுருதிக்கும் நடுவே தாவும். 5-ம் காலில் வோல்ட் ஏறினால் மூன்றில் இரண்டு பங்கு என்ற அந்த எல்லையே உயர்ந்துவிடுகிறது, கெபாசிட்டர் அதுவரை ஏற அதிக நேரம் பிடிக்கிறது, சுருதி இறங்குகிறது.

இனி ஸ்வரம். 104-ஐ வைத்துக்கொண்டு, 1 கேயோடு 27 கே வைத்தால் 262 ஹெர்ட்ஸ். அதாவது ஒரு கட்டை ஸட்ஜம். 27-க்குப் பதில் 18 கே வைத்தால் 389, பஞ்சமம். மேல் ஸட்ஜத்துக்கு 13.2 கே வேண்டும்; 12 கேயையும் 1.2 கேயையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் வரும். 27-க்கும் 18-க்கும் உள்ள விகிதம் 3-க்கு 2. ஸட்ஜ பஞ்சம விகிதமும் அதேதான். முதல் ரெசிஸ்டர் சின்னது என்பதால் கணக்கு கிட்டத்தட்ட சரியாக விழுகிறது. 7-ம் காலிலிருந்து மூன்று ரெசிஸ்டரையும் கிளை பிரித்து, ஒவ்வொன்றின் மறுமுனையிலும் ஒரு அழுத்தும் சுவிட்ச் வைத்து, சுவிட்சுகளின் மறுபக்கத்தை ஒன்றாக 6-ம் காலில் சேருங்கள். ஒரு நேரத்தில் ஒரு சுவிட்சை மட்டும் அழுத்தினால் ஸ, ப, மேல் ஸ. மற்ற ஸ்வரங்களுக்கு ரெசிஸ்டருக்குப் பதில் 50 கே ப்ரீசெட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) வைத்து, ஸ்க்ரூ டிரைவரால் திருகிக் காதாலேயே சேர்த்துக்கொள்ளலாம். வீட்டில் பாட்டுத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

மைலார் கெபாசிட்டர் இதற்குத்தான். செராமிக் வகை சூட்டுக்கு ஏற்ப மதிப்பு மாறும், காலையில் சேர்த்த சுருதி மாலை விளக்கு வெக்கையில் நகர்ந்திருக்கும். மைலார் அந்த அளவுக்கு நகராது. அதன் மதிப்பே போட்டிருப்பதற்குப் பத்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்பதால் உங்கள் ஸட்ஜம் 262-க்குப் பதில் 250 ஆகவோ 280 ஆகவோ வரலாம். பரவாயில்லை. எல்லா ஸ்வரத்துக்கும் கெபாசிட்டர் ஒன்றே, ஆகவே எல்லாம் சேர்ந்தே நகரும், ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள உறவு மாறாது.

எரியவில்லை, கத்தவில்லை என்றால்

ஐசியை விரலால் தொடுங்கள். சுட்டால் உடனே பேட்டரியை எடுங்கள், ஐசி தலைகீழாக இருக்கிறது. சுடவில்லை, விளக்கு அணையாமலே எரிகிறது என்றால் 2-6 வயரைப் பாருங்கள். எரியவே இல்லை என்றால் எல்இடியைத் திருப்பி வைத்துப் பாருங்கள், அப்புறம் 4-ம் கால் பிளஸில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து 3-ம் காலைத் தொட்டால், மெதுவாக ஓடும் சர்க்யூட்டில் எண் மேலும் கீழும் குதிக்கும். வேகமாக ஓடும் சர்க்யூட்டில் குதிக்காது, உச்ச வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில் நிற்கும். அப்படி நின்றால் 555 நன்றாக ஓடுகிறது, கோளாறு ஸ்பீக்கர் பக்கம். 3-ம் காலில் சுழியமோ முழு வோல்ட்டோ அசையாமல் இருந்தால் கோளாறு இந்தப்பக்கம். பிள்ளைகள் ஐசியைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள். பெரும்பாலும் வயர் ஒரு ஓட்டை தள்ளிச் செருகியிருக்கும்.

எல்லாம் சரியாக ஓடினதும் ஜீரோ பிசிபிக்கு (பாகங்களைப் பற்றவைக்கும் ஓட்டை போட்ட போர்டு) மாற்றிவிடுங்கள். மணலுக்குப் பக்கத்தில் பிரெட்போர்டு இரண்டு நாள் தாங்காது. ஐசியை நேராகப் பற்றவைக்காமல் ஐசி பேஸைப் பற்றவைத்து அதில் செருகுங்கள். 25 வாட் அயர்ன் போதும். காலையும் செம்பு வட்டத்தையும் சேர்த்துச் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயத்தைத் தொடவேண்டும். அயர்ன் முனையில் ஈயத்தை உருக்கி அப்பினால் பார்க்கப் பிடித்த மாதிரி இருக்கும், நாலு நாளில் விட்டுவிடும். ஜன்னலைத் திறந்து வைத்து, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். ஈயம் வாய்க்குப் போகக் கூடாது.

இன்னொன்று, சத்தத்துக்குத் தனி சுவிட்ச் கட்டாயம் வையுங்கள். சுண்டலுக்கு வருகிறவர்களை உட்காரவைத்து ஒரு பாட்டுப் பாடச் சொல்வோம், அவர் எடுப்பதற்குள் ஆம்புலன்ஸ் முந்திக்கொள்ளும். சத்தம் போடும் 555-ன் 4-ம் காலை நேராகப் பிளஸில் கொடுக்காமல் 10 கே வழியாகக் கொடுத்து, அந்தக் காலிலிருந்து மைனஸுக்கு ஒரு சுவிட்ச். சில்வண்டில் அந்தக் காலுக்கு வேறு வேலை இருப்பதால் சுவிட்சை முதல் 555-ன் 4-ம் காலில் அதே மாதிரி வையுங்கள். போட்டால் சத்தம் நிற்கும், விளக்குகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். சுவிட்சைப் படியின் பின்பக்கம், பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் பொருத்துங்கள்.